கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் ஏன் உறைவதில்லை?

கண்ணாடி விரியனின் நஞ்சை மனித இரத்தம் உள்ள சோதனைக்குழாயில் சிறிதளவு கலந்தால், ஒரு நிமிடம்கூட ஆகாமல் இரத்தம் கெட்டியாக உறைந்துவிடுகிறது. அதே பாம்பு ஒருவரைக் கடித்து, அவர் சில மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வந்து சேரும்போது அவருடைய இரத்தத்தை எடுத்துக் குழாயில் வைத்தால், அது உறையாமல் நீர்மமாகவே கிடக்கிறது. நஞ்சும் ஒன்றுதான், இரத்தமும் ஒன்றுதான், ஆனால் விளைவுகள் நேர் எதிரானவை. விரியன் கடியில் ஏற்படும் இரத்தக்கசிவைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் முதலில் இந்த முரணைத்தான் சந்திக்க வேண்டியிருக்கிறது. நஞ்சு இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்கிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது விளைவைப் பொறுத்தவரை சரியாகத் தோன்றினாலும், காரணத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. உண்மையில் நஞ்சு இரத்தத்தை உறையவைக்கிறது. காயமே இல்லாத இடங்களிலும், உறைவதற்கான பொருள்கள் தீர்ந்துபோகும்வரை உறையவைக்கிறது.

இதைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவியல் ஆர்வத்துக்காக மட்டும் அல்ல. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் நல்ல பாம்பும் கட்டு விரியனும் முதன்மையாக நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. இரத்தத்தையும் இரத்த நாளங்களையும் குறிவைப்பவை மற்ற இரண்டும்தான். வயலிலும் வரப்பிலும் எலியைத் தேடி வருகிற கண்ணாடி விரியனை இந்தக் கட்டுரையின் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பாம்பின் நஞ்சு ஒற்றைப் பொருள் அன்று. நீரை நீக்கிப் பார்த்தால் அதன் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் புரதங்களும் அவற்றைவிடச் சிறிய பெப்டைடுகளுமே இருக்கின்றன. விரியன்களின் நஞ்சில் அந்தப் புரதங்களுள் பெரும்பகுதி நொதிகள், அதாவது என்சைம்கள். நொதி என்பது ஒரு வேதிவினையை மிகவும் விரைவுபடுத்துகிற மூலக்கூறு. வினை முடிந்ததும் அது தான் செலவாகிவிடாமல், அடுத்த மூலக்கூறைப் பற்றி அதே வேலையை மறுபடியும் செய்கிறது. நஞ்சின் கொடுமை முழுவதும் இந்த ஒரு பண்பிலிருந்தே தொடங்குகிறது. கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் நஞ்சு சராசரியாக 63 மில்லிகிராம். நம் உடலில் ஓடும் இரத்தமோ ஏறத்தாழ 5 லிட்டர். இவ்வளவு குறைந்த பொருள் அவ்வளவு இரத்தத்தையும் கெடுக்க முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு நொதி மூலக்கூறும் செயலிழக்கும்வரை ஓயாமல் வெட்டிக்கொண்டே இருப்பதுதான்.

கடித்த இடத்தில் முதலில் நடப்பதைப் பார்ப்போம். நம் செல்களுக்கு இடையே உள்ள இடைவெளி வெற்றிடம் அன்று. ஹையலூரோனிக் அமிலம் என்ற, நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பிசுபிசுப்பான சர்க்கரைச் சங்கிலிகள் அங்கே நிறைந்திருக்கின்றன. அந்நியப் பொருள் எதுவும் திசுவுக்குள் எளிதாகப் பரவாமல் தடுப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. நஞ்சில் உள்ள ஹையலூரோனிடேஸ் என்ற நொதி அந்தச் சங்கிலிகளைத் துண்டாக்குகிறது. தன்னளவில் இது பெரிய கேடு எதையும் செய்வதில்லை என்றாலும், மற்ற நொதிகள் விரைந்து பரவ வழி திறந்துவிடுகிறது.

அடுத்து வருபவைதான் உண்மையில் அஞ்சத்தக்கவை. உலோகப் புரோட்டியேஸ்கள் என்று அழைக்கப்படும் இந்த நொதிகளின் நடுவில் ஒரு துத்தநாக அணு அமர்ந்திருக்கிறது. அதன் துணையோடு இவை புரதங்களை வெட்டுகின்றன. இவை குறிவைக்கும் இடம் இரத்த நுண்நாளங்களின் சுவர். அந்தச் சுவர் மிகமிக மெல்லியது: உட்புறம் ஒரே ஒரு வரிசைச் செல்கள், அவற்றுக்கு வெளியே அவற்றைத் தாங்கிப்பிடிக்கும் அடித்தளச் சவ்வு, அவ்வளவுதான். அந்தச் சவ்வுக்கு உறுதியைத் தருவது நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம். உலோகப் புரோட்டியேஸ் அந்தக் கொலாஜனைச் சில இடங்களில் வெட்டினாலே போதும். மீதியை உடலே செய்துவிடுகிறது. நாளத்துக்குள் இரத்தம் எப்போதும் ஓர் அழுத்தத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இயல்பான நிலையில் எந்தத் தீங்கும் செய்யாத அதே அழுத்தம், தாங்குதிறனை இழந்துவிட்ட சுவரை விரித்து, மெலியச் செய்து, கடைசியில் கிழித்துவிடுகிறது. கடித்த இடத்தைச் சுற்றித் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கருநீலமாகத் தெரிவதும், கொப்புளங்களில் இரத்தம் கலந்த நீர் நிறைவதும் இதனால்தான். பெரிய ஓட்டை ஏதும் விழாத இடத்தில்கூட நாளங்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா திசுக்களுக்குள் இறங்கிக் கால் முழுவதும் வீங்குகிறது. அந்தக் கசிவு அளவு கடந்தால் நாளங்களுக்குள் ஓடும் இரத்தத்தின் கொள்ளளவு குறைந்து, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.

மூன்றாவது, பாஸ்போலிப்பேஸ் ஏ-2. எல்லாச் செல்களையும் சூழ்ந்திருக்கும் மென்சவ்வு பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புப் பொருளால் ஆனது. இந்த நொதி அந்தக் கொழுப்பு மூலக்கூறின் குறிப்பிட்ட ஒரு பிணைப்பை உடைத்து, அதை இரண்டு துண்டுகளாக்குகிறது. சவ்வு சிதைந்த தசைச் செல்லுக்குள் கால்சியம் கட்டுப்பாடின்றிப் பாய்கிறது, செல் இறக்கிறது, அதன் உள்ளே இருந்த மையோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரைக் கரும்பழுப்பாக்குகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கண்ணாடி விரியன்களின் நஞ்சில் இந்த வகை நொதியின் சில வடிவங்கள் நரம்பு முனைகளையும் தாக்குகின்றன. அதனால்தான் இரத்தம் உறையாத நோயாளிக்கே, நல்ல பாம்பு கடித்ததைப் போல, கண்ணிமைகளும் தாழ்ந்து தொங்குவதை இப்பகுதிகளின் மருத்துவர்கள் காண்கிறார்கள். நஞ்சுக்கு அதன் மஞ்சள் நிறத்தைத் தருவதும் ஒரு நொதிதான். எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் எனப்படும் அது ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கித் திசுக்களைத் துன்புறுத்துகிறது.

இவ்வளவும் திசுக்களின் கதை. இனி இரத்தத்துக்கு வருவோம்.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் இரத்தத்திலேயே, ஆனால் செயலற்ற வடிவத்தில், எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் கல்லீரல் உற்பத்தி செய்யும் இந்தப் புரதங்களை உறைதல் காரணிகள் என்று எண்ணிட்டு அழைக்கிறோம். ஓர் இடத்தில் நாளம் அறுபட்டால், அந்த இடத்தில் மட்டும், ஒரு காரணி அடுத்ததை வெட்டிச் செயல்படவைக்க, அது தனக்கு அடுத்ததை வெட்ட, இப்படிப் படிப்படியாக வினை நகர்ந்து பத்தாம் காரணியை வந்தடைகிறது. செயல்படத் தொடங்கிய பத்தாம் காரணி, ஐந்தாம் காரணியின் துணையோடு, புரோத்ராம்பினை வெட்டித் த்ராம்பின் ஆக்குகிறது. த்ராம்பின் தன் பங்குக்கு, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தின் முனைகளில் உள்ள சிறு துண்டுகளை வெட்டி நீக்கி, அதைக் கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. பதின்மூன்றாம் காரணி அந்த இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து உறுதியாக்குகிறது. காயத்தில் நாம் காணும் இரத்தக்கட்டு இதுதான். இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் கட்டுக்குள் வைத்திருக்கத் தனிப் புரதங்கள் உண்டு. வேலை முடிந்த இரத்தக்கட்டைக் கரைப்பதற்கு பிளாஸ்மின் என்ற நொதியும் உண்டு. வெட்டப்பட வேண்டியது எது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதில் உடல் காட்டும் கவனம் வியக்கத்தக்கது.

கண்ணாடி விரியனின் நஞ்சு இந்த ஒழுங்கைப் பின்வாசல் வழியாக மீறுகிறது. அதில் உள்ள ஓர் உலோகப் புரோட்டியேஸ், காயம் ஏதும் இருக்கிறதா என்று பாராமல், பத்தாம் காரணியை நேரடியாக வெட்டிச் செயல்படவைக்கிறது. உடலின் சொந்த நொதிகள் எந்தப் பிணைப்பை வெட்டுமோ மிகச் சரியாக அதே பிணைப்பையே இதுவும் வெட்டுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. செரீன் புரோட்டியேஸ் வகையைச் சேர்ந்த இன்னொரு நொதி, துணைநிற்க வேண்டிய ஐந்தாம் காரணியைத் தூண்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததும், முன்னே உள்ள படிகள் எதுவும் தேவைப்படாமலே, இரத்த ஓட்டம் முழுவதிலும் த்ராம்பின் உருவாகிறது. சுருட்டை விரியன் இதைவிட ஒரு படி கீழே இறங்கித் தாக்குகிறது. அதன் நஞ்சில் உள்ள எகாரின் என்ற நொதி புரோத்ராம்பினையே நேராக வெட்டிவிடுகிறது. மலேயக் குழிவிரியன் போன்ற பாம்புகளின் நொதிகளோ கடைசிப் படிக்கே போய், த்ராம்பினின் வேலையைத் தாமே அரைகுறையாகச் செய்து, ஃபைப்ரினோஜனை உறுதியற்ற இழைகளாக்குகின்றன. தாக்கும் படி வேறானாலும் முடிவு ஒன்றுதான்.

அந்த முடிவு என்ன என்று கேட்டால், இரத்தக்கட்டுகளால் நாளங்கள் அடைபட்டு நோயாளி உடனே இறந்துவிடுவார் என்றுதான் முதலில் தோன்றும். சில பாம்புகளின் கடியில் அது நடக்கவும் செய்கிறது; கரீபியனில் உள்ள மார்ட்டினிக் தீவின் ஈட்டித்தலைக் குழிவிரியன் கடித்தவர்களுக்கு மூளை நாளங்கள் அடைபட்டுப் பக்கவாதம் வருவதுண்டு. கண்ணாடி விரியன் கடியில் பொதுவாக நடப்பது வேறு. இரத்த ஓட்டத்தில் ஆங்காங்கே உருவாகும் மெல்லிய ஃபைப்ரின் இழைகளை, அவை உருவான வேகத்திலேயே உடலின் பிளாஸ்மின் கரைத்துவிடுகிறது. நஞ்சு மறுபடியும் உறையவைக்கிறது, உடல் மறுபடியும் கரைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஃபைப்ரினோஜன், ஐந்தாம் காரணி, பத்தாம் காரணி ஆகியவற்றின் இருப்பு குறைந்துகொண்டே வருகிறது. விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்ட வீட்டில் மழை பெய்தும் விதைக்க ஒன்றும் இல்லாமல் போவதைப் போல, உண்மையான காயத்தை அடைக்க வேண்டிய நேரத்தில் உடலிடம் ஃபைப்ரினோஜன் மிஞ்சுவதில்லை. இயல்பாக ஒரு டெசிலிட்டர் இரத்தப் பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய அந்தப் புரதம், கடுமையான கடியில் சில மணி நேரத்துக்குள் அளக்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். இந்த நிலையை மருத்துவர்கள் நுகர்வு வகை உறைதல் கோளாறு என்கிறார்கள்.

உறையாத இரத்தம் மட்டும் இருந்தால், காயமில்லாத உடலில் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் உறையவைக்கும் பொருள் தீர்ந்த அதே நேரத்தில்தான் உலோகப் புரோட்டியேஸ்கள் நாளச் சுவர்களையும் பலவீனப்படுத்துகின்றன. இரண்டும் ஒன்றுசேர்வதுதான் உயிரைப் பறிக்கிறது. ஈறுகளில் கசிவு, சிறுநீரில் இரத்தம், ஊசி குத்திய இடத்திலிருந்து நிற்காமல் வடிதல், ஆறிப்போன பழைய புண்ணில் மறுபடியும் இரத்தம் வருதல் என்று தொடங்கி, மூளைக்குள் இரத்தக்கசிவு வரை இது போகலாம். நுண்ணிய நாளங்களில் படியும் ஃபைப்ரினும், சரிந்த இரத்த அழுத்தமும், தசையிலிருந்து வந்த மையோகுளோபினும் சிறுநீரகத்தைப் பல பக்கங்களிலிருந்து தாக்குவதால், கடிபட்டவர்களில் கணிசமானோருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. சிலருக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சேதமடைந்து, கடி ஆறிப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சோர்வும் ஹார்மோன் குறைபாடும் தலைகாட்டுகின்றன. அந்தச் சோர்வைப் பழைய பாம்புக்கடியோடு தொடர்புபடுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

கடிபட்டவரின் இரத்தம் இந்த நிலையை அடைந்துவிட்டதா என்பதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடிய 20 நிமிட உறைதல் சோதனை இருக்கிறது. புதிய, தூய்மையான, ஈரமில்லாத கண்ணாடிச் சோதனைக்குழாயில் நோயாளியின் சிரையிலிருந்து எடுத்த சுமார் 2 மில்லிலிட்டர் இரத்தத்தை ஊற்றி, யாரும் தொடாமல், ஆட்டாமல் 20 நிமிடம் வைத்திருந்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டியாக நின்றால் உறைகிறது என்று பொருள். வழிந்து ஓடினால் ஃபைப்ரினோஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். இதில் குழாய் கண்ணாடியால் ஆனதாக இருப்பது மிக முக்கியம். கண்ணாடியின் பரப்பைத் தொடும்போதுதான் இரத்தத்தின் பன்னிரண்டாம் காரணி தூண்டப்பட்டு உறைதல் தொடங்குகிறது. பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தினாலோ, சோப்புத்தூளால் கழுவிய பழைய குழாயைப் பயன்படுத்தினாலோ நலமாக உள்ளவரின் இரத்தம்கூட உறையாமல் போய், சோதனை தவறான முடிவைக் காட்டிவிடும். இவ்வளவு எளிய சோதனை ஒரு குழாயின் தூய்மையைச் சார்ந்து உயிரைக் காக்கவோ கைவிடவோ செய்கிறது என்பதை எண்ணும்போது, அந்தக் கண்ணாடிக் குழாய்கள் எல்லா நிலையங்களிலும் இருக்கின்றனவா என்று கேட்கத் தோன்றுகிறது.

மருத்துவம் என்பது விஷமுறிவு மருந்துதான். குதிரைகளுக்கு நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுத்து இதைத் தயாரிக்கிறார்கள். இந்தியாவில் இதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி, 1978-இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே நெடுங்காலமாகக் கிடைத்துவருகிறது. இந்திய மருந்தின் 1 மில்லிலிட்டர் கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமை நடுநிலையாக்கும். 10 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குப்பி 6 மில்லிகிராமை நடுநிலையாக்கும். முதலிலேயே 8 முதல் 10 குப்பிகள் ஏற்றப்படுவது ஏன் என்பது, சராசரி நஞ்சின் அளவான 63 மில்லிகிராமோடு இதை ஒப்பிட்டால் விளங்கிவிடும்.

எதிர்ப்புரதம் நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வெட்டும் வேலையை நிறுத்துகிறது. ஆனால் அது தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அதைக் கல்லீரல்தான் புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும். மருந்து வேலை செய்துவிட்டாலும் இரத்தம் மீண்டும் உறையத் தொடங்கச் சில மணி நேரம் ஆகிறது. அதனால்தான் 6 மணி நேரம் கழித்து உறைதல் சோதனையை மறுபடியும் செய்து, இன்னும் உறையவில்லை என்றால் மட்டும் அடுத்த தவணை மருந்தைக் கொடுக்கிறார்கள். மருந்து ஏற்றிய அரைமணியில் 'இன்னும் இரத்தம் நிற்கவில்லையே' என்று உறவினர்கள் பதறுவது இயற்கைதான் என்றாலும், அந்த இடைவெளி மருந்தின் தோல்வி அன்று. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஹெப்பரின் என்ற மருந்தைக் கொடுத்து இந்தச் சுழற்சியைத் தடுக்கலாம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. நஞ்சு உருவாக்கும் வினைகளை அது நம்பத்தக்க வகையில் தடுப்பதில்லை, இரத்தக்கசிவைக் கூட்டும் ஆபத்தும் உண்டு என்பதால் இன்று அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

திசுவின் நிலை இன்னும் கடினமானது. அறுபட்ட கொலாஜனையும் இறந்துபோன தசைச் செல்லையும் எந்த எதிர்ப்புரதத்தாலும் மீட்க முடியாது. கடித்த முதல் மணி நேரத்திலேயே அந்தச் சேதம் தொடங்கிவிடுகிறது. இந்த அடிப்படையில் முதலுதவியைப் பார்த்தால், எதைச் செய்யக் கூடாது என்பது தானே விளங்கும். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டினால், திசுவை அரிக்கும் நொதிகள் அத்தனையும் அந்தக் காலிலேயே தேங்கிவிடும்; இரத்த ஓட்டமும் நின்றுபோனால் காலையே இழக்க நேரிடலாம். கடிவாயைக் கத்தியால் கீறினால், உறையும் ஆற்றலை இழந்துகொண்டிருக்கும் உடலில் புதிதாக ஒரு காயத்தைத் திறந்துவிட்டதாகிவிடும். வாயால் உறிஞ்சுவதால் திசுவில் இறங்கிய நஞ்சு வெளியே வருவதில்லை. மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட்டு, கடிபட்ட காலையோ கையையோ மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. தசை அசையும்போதெல்லாம் நிணநீர் வழியாக நஞ்சு முன்னேறுகிறது என்பதால்தான் அசையாமை இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது.

இரத்தம் உறைவதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பங்கு இந்த நஞ்சிடமிருந்தே கற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1934-இல் மெக்ஃபார்லேன் என்ற ஆங்கிலேய மருத்துவர், மிகமிக நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சை, பிறவியிலேயே இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் பல் பிடுங்கிய இடத்தில் தடவி இரத்தத்தை நிறுத்தப் பயன்படுத்த முடியும் என்று காட்டினார். ஹீமோஃபீலியாவில் பழுதுபட்டிருப்பது பத்தாம் காரணிக்கு முந்தைய படி. நஞ்சு அந்தப் படியைத் தாண்டி நேரே பத்தாம் காரணியைத் தொடுவதால்தான் அது வேலை செய்தது. காரணிகள் ஒன்றை ஒன்று படிப்படியாகத் தூண்டுகின்றன என்ற விளக்கத்தை 1964-இல் முன்வைத்தவர்களுள் ஒருவரும் அவரே. இன்றும் குருதியியல் ஆய்வகங்களில், தொடர் கருச்சிதைவுக்கும் நாள அடைப்புக்கும் காரணமாகக்கூடிய ஒருவகை எதிர்ப்புரதத்தைக் கண்டறிய நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சே பயன்படுகிறது. சுருட்டை விரியனின் நஞ்சில் உள்ள ஒரு சிறு புரதத்தை முன்மாதிரியாகக் கொண்டு உருவானதுதான் மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் டைரோஃபிபன்.

தீர்க்கப்படாத சிக்கல்கள் இரண்டு. ஒன்று, ஒரே கண்ணாடி விரியன் இனத்திலும் நஞ்சின் கலவை ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டில் எடுத்த நஞ்சைக் கொண்டு செய்த மருந்து நாட்டின் பிற பகுதிப் பாம்புகளிடம் அதே அளவு பயன் தருவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மற்றொன்று, எதிர்ப்புரதம் சென்றடையும் முன்பே நடந்துவிடும் திசுச் சேதம். இதற்காகவே, நொதிகளின் வெட்டும் முனையை அடைக்கும் சிறு மூலக்கூறுகளை ஆய்வாளர்கள் சோதித்துவருகிறார்கள். இதய நோய்க்காக உருவாக்கப்பட்ட வாரெஸ்ப்ளாடிப் என்ற மருந்து பாஸ்போலிப்பேஸைத் தடுக்கிறது. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மாரிமாஸ்டாட் உலோகப் புரோட்டியேஸின் துத்தநாகத்தைப் பற்றிக்கொள்கிறது. இவை விஷமுறிவு மருந்துக்கு மாற்றாகக் கருதப்படுபவை அல்ல. வயலிலிருந்து மருத்துவமனை வரையான அந்த முதல் மணி நேரத்தில், குளிர்பதனப் பெட்டியோ சிரை ஊசியோ தேவையில்லாமல், வாய்வழியே கொடுத்து நொதிகளைத் தடுத்துவைக்க முடியுமா என்பதே இந்த ஆய்வுகள் விடை தேடும் கேள்வி.